சூப்ரவைசருக்கு ஒரு வேலி

பலராமன் வீட்டு நாய்க்குச் சூப்ரவைசர் என்று பெயர் வந்ததில் நாயின் குற்றம் எதுவும் இல்லை. ஒரகடத்தில் கார் சீட்டுக்கு நுரை வார்க்கும் கம்பெனியில் பலராமன் கான்ட்ராக்ட் ஆள். ஐம்பத்திரண்டு வயதில், இருபத்தாறு வயதுப் பகலவன் என்கிற சூப்பர்வைசரிடம், "யோவ், கை இன்னா கல்யாணத்துக்கா வந்துகீது? சீக்கிரம்யா!" என்று எட்டு மணி நேரமும் கேட்டுக்கொண்டு நிற்கிற பிழைப்பு. பதிலுக்கு ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் கேட்டில் அட்டை வேலை செய்யாது. அதனால் வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலில் நின்று ஒரு கூச்சல் போடுவான்.

"டேய் சூப்ரவைசர்! இங்க வாடா! நாளெல்லாம் இன்னாடா வேல பாத்த? சொல்றா!"

செம்பட்டை நிற நாட்டு நாய் ஒன்று வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடி வந்து அவன் காலை நக்கும். அன்றைய கூலியில் பிடித்தம் எதுவும் போகாமல் முழுசாக அவன் கைக்கு வந்தது அது ஒன்றுதான்.

அவன் வீடு ரோட்டோரம். வீடு ரோட்டைத் தேடிப் போகவில்லை. ரோடுதான் வீட்டைத் தேடி வந்தது. வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சின்ன ஊரை ரொட்டி பிட்ட மாதிரி இரண்டாகப் பிட்டு, கோயிலும் பள்ளிக்கூடமும் நூற்றைம்பது வீடும் அந்தப் பக்கம், பலராமன் வீட்டோடு சேர்த்துப் பதினோரு வீடு இந்தப் பக்கம் என்று பங்கு வைத்துவிட்டுப் போய்விட்டது. ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் அதில் ஓடுகிற கம்பெனி பஸ்களை வரிசையாக நிறுத்தினால், முதல் பஸ் ஸ்ரீபெரும்புதூரில் ராமானுஜரைச் சேவித்துக்கொண்டு நிற்கும். கடைசி பஸ் செங்கல்பட்டில் பஞ்சர் ஒட்டிக்கொண்டு நிற்கும். பாப்பம்மாள் என்று ஒருத்தி கைக்குழந்தையோடு அந்த ரோட்டைக் கடக்க நின்றாள். அவள் கடந்து முடித்தபோது குழந்தைக்கு இரண்டு பல் முளைத்திருந்தது. நம்பாதவர்கள் ஒருநாள் காலை ஏழு மணிக்கு அங்கே போய் நின்று பார்க்கலாம்.

பலராமனுக்கும் அவன் மனைவி லீலாவுக்கும் பிள்ளை இல்லை. நாய்தான். சூப்ரவைசர் நான்காவது. முதல் நாய் பஸ்ஸில் அடிபட்டது. இரண்டாவதையாவது காப்பாற்றலாம் என்று சங்கிலி போட்டுக் கட்டினார்கள். விறகுக் குவியலில் இருந்து விரியன் வந்தபோது அதனால் சங்கிலியின் நீளத்துக்குத்தான் ஓட முடிந்தது. மூன்றாவதைக் கட்டவில்லை. அதையும் பஸ்தான் அடித்தது. மூன்றையும் லீலாவே கொல்லைப்புறத்தில் குழி தோண்டிப் புதைத்தாள். மூன்றாவது குழியை மூடிவிட்டு மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தவள், புருஷன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"யோவ், நல்லா கேட்டுக்கோ. இன்னொன்னு வந்து, அதுவும் இப்டிப் போச்சுன்னா, இந்த வூட்ல நா இருக்க மாட்டேன். வல்லக்கோட்டையில எங்கக்கா வூட்டுக்குப் பூடுவேன். சும்மா சொல்றேன்னு நெனைக்காத."

அவள் சும்மா சொல்கிற பெண் இல்லை என்பது பலராமனுக்கு முப்பது வருஷமாகத் தெரியும். அடுத்த மாதமே ஒரு மழை நாளில், செம்பட்டை நிறக் குட்டி ஒன்று தானாக வந்து அடுப்படியில் படுத்துக்கொண்டது. லீலா அதைத் துரத்தவும் இல்லை, கொஞ்சவும் இல்லை. ஒரு தட்டில் சோறு வைத்துவிட்டு, பலராமனை ஒரு பார்வை பார்த்தாள். இது உன் பொறுப்பு என்பது அந்தப் பார்வை.

மதில் கட்டலாமென்றால், ரோட்டை இன்னும் அகலமாக்கப் போகிறோம் என்று வாசலுக்கு முன்னால் கல் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்தக் கல்லுக்கு அப்பாலும் கட்டக்கூடாது, இப்பாலும் கட்டக்கூடாது. ரோடு எப்போது வரும் என்று கேட்டால் அது மட்டும் யாருக்கும் தெரியாது.

பலராமன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கம்பெனி மேனேஜரின் பங்களாவில் தோட்ட வேலை செய்வான். அங்கே பொன் நிறத்தில் சடை சடையாக ஒரு நாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது ஒரு அணிலைத் துரத்திக்கொண்டு அம்பு மாதிரிப் பாய்ந்ததைப் பார்த்தான். கேட் திறந்து கிடந்தது. புல்வெளி முடிகிற இடத்தில் அது சட்டென்று நின்றது. எதிரே ஒன்றும் இல்லை. காற்றுதான் இருந்தது. அந்தக் காற்றை மோந்து பார்த்துவிட்டு, பெரிய மனுஷனைப் போலத் திரும்பி நடந்தது.

பலராமனுக்குக் கையில் இருந்த பூவாளி சாய்ந்து செருப்பெல்லாம் நனைந்தது. பக்கத்தில் குனிந்து ஏதோ பெட்டியைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஆள் சிரித்தான். அவன் பெயர் தளவாய்; திருநெல்வேலிப் பக்கத்துக்காரன்.

"என்ன அண்ணாச்சி, மந்திரம்னு நெனச்சீயளோ? வேலிதான். மண்ணுக்குள்ள ஒயரு கெடக்கு."

"கரண்ட் வேலியா? அய்யய்யோ, ஆளு செத்துப் பூடுவானே!"

"அது காட்டுப் பன்னிக்குத் திருட்டுத்தனமா போடுதது. இது வேற. ஒயரைத் தொட்டா ஒண்ணும் செய்யாது. நாய் கழுத்துல பட்டை இருக்குல்லா, அதுதான் பேசும். கிட்டப் போனா கீங்னு ஒரு சத்தம். அதையும் மீறிப் போனா கழுத்துல சுள்ளுனு ஒரு கடி. அம்புட்டுதான்."

"எவ்ளோ ஆவும் சார்?"

"இந்த வீட்டுக்கு எண்பத்தஞ்சு ஆச்சு."

"எம்பத்தஞ்சு நூறா?"

"ஆயிரம், அண்ணாச்சி" என்றான் தளவாய். பலராமன் பூவாளியை நிமிர்த்தினான்.

ஆனால் தளவாய் நல்லவன். டீ குடிக்கும்போது விவரம் கேட்டுக்கொண்டான். மூன்று நாய் போன கதையைக் கேட்டு உச்சுக் கொட்டினான். பாலவாக்கத்தில் ஒரு பணக்கார நாய் முதுமை வந்து செத்துப்போய், அது மாட்டியிருந்த பட்டையும் பெட்டியும் தன்னிடம் சும்மா கிடப்பதாகச் சொன்னான். அதோடு மிச்ச ஒயரும் இருந்தது. விரல் விட்டுக் கணக்குச் சொன்னான்: பழைய பெட்டியும் பட்டையும் பத்தாயிரம், ஒயர் நாலாயிரம், குழி பலராமனே வெட்டிக்கொண்டால் அதற்குக் கூலி இல்லை.

"அப்புறம் கொடி. நாயைப் பழக்கணும்லா? எல்லையச் சுத்திச் சின்னச் சின்ன வெள்ளைக் கொடி நட்டு, நாயைக் கயித்துல புடிச்சி நடத்தி, அதுக்கு எல்லை எதுன்னு காட்டணும். மூணு தடவ நான் வரணும். அதுக்கு ஐயாயிரம்."

"கொடி நட்டு நாய இட்டுக்கினு சுத்தறதுக்கு அஞ்சாயிரமா?" பலராமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா சார் நீங்க. எல்லை காட்ட எங்களுக்குத் தெரியாதா? வருசா வருசம் அம்மனுக்கு எல்லை கட்ற ஊரு சார் இது."

"நடுததுல ஒண்ணுமில்ல அண்ணாச்சி. புடுங்குததுலதான் வேல இருக்கு. நாய் கொடியப் பாத்துப் பயப்படக் கூடாது. சத்தத்தைக் கேட்டுத்தான் நிக்கணும். அதான் மூணு தடவையும் வந்து ஒண்ணொண்ணா எடுத்துட்டு..."

"பாத்துக்கலாம் சார், பாத்துக்கலாம்."

பதினாலாயிரத்துக்காகப் பலராமன் மூன்று மாதம் ஓ.டி. பார்த்தான். நுரைக்கு ஊற்றுகிற மருந்தின் வாடை அவன் வேர்வையில் ஏறி, பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. பகலவனுக்கு ஒரே ஆச்சரியம். "இன்னாய்யா, பொண்ணுக்குக் கல்யாணமா?" என்று கேட்டான். "இல்ல சார், சூப்ரவைசருக்குக் காலர் வாங்கறேன்" என்று வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, "வூட்டு வேல சார்" என்றான் பலராமன்.

பங்குனியில் வேலி வந்தது. வீட்டைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்குக் குழி வெட்டி, ஒயரைப் போட்டு மூடினார்கள். பெட்டியைச் சுவரில் மாட்டியதும் பச்சை விளக்கு எரிந்தது. அதற்குள் பக்கத்து வீட்டு வெங்கடேசன் ஊரெல்லாம் சொல்லிவிட்டான்.

"மாமா, கரண்ட் வேலி போட்டா போலீசு கேசு, தெரியுமா? எங்கூட்டு ஆடு செத்தா நீதான் பொறுப்பு."

"தொடுடா! தொட்டுப் பார்றா!" பலராமன் அவன் கையைப் பிடித்து ஒயர் புதைந்த மண்ணில் வைத்து அழுத்தினான். ஒன்றும் ஆகவில்லை. வெங்கடேசன் நம்பவில்லை. அவனை நம்பவைக்க, பட்டையைத் தன் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, பலராமன் எல்லையைத் தாண்டினான். கீங் என்றது. அடுத்த நொடியில் அவன் குதித்த குதியில், முப்பது வருஷமாக அவன் காதில் இருந்த கடுக்கன் கழன்று போய், அதை வெங்கடேசன் வீட்டு ஓட்டின் மேலிருந்துதான் எடுத்தார்கள். லீலா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்றாவது நாய் போன பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்புக்கே பதினாலாயிரம் தகும் என்று பலராமன் நினைத்தான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. எல்லைக் கோடு வருகிற இடத்தில், மனிதர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்திருந்தும், எல்லோரும் காலை உயரத் தூக்கி வைத்தார்கள். பலராமன், லீலா, பால்காரர், கேஸ் சிலிண்டர் தூக்கி வருகிற ஆள் வரைக்கும்.

நாயைப் பழக்குவதற்குக் கொடி வேண்டுமே. அங்கேதான் பலராமன் தன் மூளையைக் காட்டினான்.

அந்த ஊரில் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்கு முன்னால் காப்புக் கட்டுவார்கள். அன்றைக்கு ஊர் எல்லையில் வேப்பிலைக் கொத்துக் கட்டித் தோரணம் போட்டுவிட்டால், கூழ் ஊற்றி முடிகிறவரை ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டக்கூடாது. கம்பெனிகள் வந்த பிறகு இதில் ஒரு சிக்கல் வந்தது. மூன்று நாள் லீவு போட்டால் வேலை போய்விடும். பூசாரி யோசித்தார். கம்பெனி நிற்கிற நிலமெல்லாம் ஒரு காலத்தில் இந்த ஊர் நிலம்தானே என்று சொல்லி, அம்மனிடம் பூப் போட்டுக் கேட்டு, எல்லையை ஒரகடம் கம்பெனி கேட் வரைக்கும் தள்ளி வைத்துவிட்டார். அம்மனும் ஷிஃப்டுக்குத் தகுந்தபடி நகர்ந்துகொண்டாள். தோரணத்தை மட்டும் எப்போதும்போல ஊர்த் தெருவின் வாயிலேயே கட்டினார்கள். ஆனாலும் வேப்பிலை கண்டால் கால் நிற்பது என்பது அந்த ஊர்க்காரர்களின் ரத்தத்தில் இருந்தது.

ஆகவே பலராமன் இருபது குச்சி வெட்டி, ஒவ்வொன்றின் தலையிலும் வேப்பிலைக் கொத்தை மஞ்சள் துணியால் கட்டி, ஒயர் போன பாதை முழுக்க நட்டான்.

"ஊர் நாயி. வெள்ளக் கொடி கண்டா அதுக்கு இன்னா தெரியும்? வேப்பல கண்டா நிக்கும் பாரு" என்றான்.

நின்றது. இரண்டே நாளில் நின்றது. முதல் நாள் நான்கு தடவை கடி வாங்கியது. இரண்டாம் நாள் சாயங்காலம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்டை நாய் நின்று கூப்பிட்டது. சூப்ரவைசர் ஓடிப் போய் வேப்பிலைக்கு மூன்றடி முன்னால் உட்கார்ந்து, ஒரு பாட்டுக் கச்சேரி அளவுக்கு அழுதுவிட்டு, திரும்பி வந்து படுத்தது. பலராமனுக்கு மார்பு விரிந்தது.

பதினைந்தாம் நாள் தளவாய் போன் செய்தான். "அண்ணாச்சி, எப்படி இருக்கான் நம்ம ஆளு? கொடியெல்லாம் எடுத்துட்டீயளா?"

"எடுத்தாச்சு சார். சூப்பரா நிக்கிது."

எடுக்கவில்லை. நன்றாக நடக்கிற ஒன்றை எதற்குக் கலைப்பது? வேப்பிலை காய்ந்தால் வாரத்துக்கு ஒருமுறை புதுசு கட்டினான். பட்டையின் பேட்டரி தீர்ந்து போனதைக்கூட ஒரு தடவை மூன்று வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தான். பேட்டரி இல்லாமலும் நாய் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. அதையும் அவன் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டான்.

ஒருநாள் லீலா அரிசியில் வண்டு விழாமல் இருக்க ஒரு கைப்பிடி வேப்பிலையைக் கொண்டுவந்து அடுப்படி வாசலில் வைத்தாள். சூப்ரவைசர் அன்றைக்கு முழுக்க அடுப்படிப் பக்கம் வரவில்லை. சோற்றுத் தட்டை உள்ளே காட்டிக் கூப்பிட்டும், வாயில் எச்சில் ஒழுக வெளியே நின்றது.

"இன்னாய்யா இது? வேப்பலயப் பாத்தா பேயப் பாத்தா மாரி நடுங்குது?"

"அம்மனுக்குப் பயப்படுது லீலா. நம்மூர்ல அதுக்குத்தான் பயபக்தி கீது" என்று சிரித்தான் பலராமன். லீலாவும் சிரித்துவிட்டு, தட்டை வெளியே கொண்டுபோய் வைத்தாள்.

ஆடி மூன்றாம் வெள்ளிக்கிழமை காப்புக் கட்டினார்கள். பலராமனுக்கு அந்த வாரம் நைட் ஷிஃப்ட். மறுநாள் சனிக்கிழமை காலையில், ரோட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்தில் நாய்களுக்கு வெறிநாய்க்கடி ஊசி போடுகிறார்கள் என்று பஞ்சாயத்தில் அறிவித்திருந்தார்கள். ஏழு மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது என்று லீலா கிளம்பினாள். நாயின் கழுத்திலிருந்து பட்டையைக் கழற்றினாள். எல்லையைத் தாண்டும்போது கடிக்குமே. பதிலுக்கு ஒரு கயிற்றை, கழுத்து இறுகாதபடி தளர்வாக முடிச்சுப் போட்டு மாட்டினாள். நாய் தானாக வேப்பிலையைத் தாண்டாது என்பதால் குழந்தையைப் போல இடுப்பில் தூக்கிக்கொண்டு, காலை உயரத் தூக்கி வைத்துக் கோட்டைக் கடந்து, ரோட்டோரத்தில் இறக்கிவிட்டாள்.

நான்கு மாதம் கழித்து வெளியே வந்த நாய். தார் ரோட்டை மோந்தது, ஒரு கம்பத்தில் காலைத் தூக்கியது, துள்ளியது. பஸ்கள் விட்ட ஒரு இடைவெளியில் லீலா அதை இழுத்துக்கொண்டு வேகமாகக் கடந்தாள். அவள் கால் அந்தப் பக்கத்து மண்ணில் பட்டுவிட்டது. நாய்க்கு இன்னும் நாலடி பாக்கி. அப்போது அது தலையை நிமிர்த்தியது.

ஊருக்குள் போகிற தெருவின் வாயில், ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பத்துக்கு, முந்தின நாள் இரவு பையன்கள் கட்டிய வேப்பிலைத் தோரணம். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு வேப்பிலைக் கொத்து, மஞ்சள் துணியோடு.

சூப்ரவைசர் உட்கார்ந்துவிட்டது.

"ஏந்திரிடா, ஏந்திரிடா கண்ணு" என்று லீலா இழுத்தாள். நாய் நான்கு காலையும் தாரில் ஊன்றிப் பின்னால் இழுத்தது. தளர்ந்த வளையம் தலை வழியாகக் கழன்று, கயிறு கையோடு வந்துவிட்டது. நாய் திரும்பி வீட்டைப் பார்த்து ஓடியது. பாதி ரோடு போனதும் எதிரே பார்த்தது. அங்கேயும் வேப்பிலை. பலராமன் நட்டு, வாரம் தவறாமல் புதுசு கட்டிய இருபது கொத்து. முன்னாலும் எல்லை, பின்னாலும் எல்லை. நடு ரோட்டில், வெள்ளைக் கோட்டின் மேல், பழக்கிய நாய் பழக்கியபடி நின்றது.

பலராமன் அதைப் பார்த்தான். அவன் வந்த கம்பெனி பஸ் வீட்டுப் பக்கம் ஓரங்கட்டிக்கொண்டிருந்தது. இறங்குவதற்காகப் படியில் நின்றிருந்தான். நாய் நின்ற நிற்பைப் பார்த்ததுமே அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புடுங்குததுலதான் வேல இருக்கு என்று தளவாய் அன்றைக்கு டீ குடிக்கும்போது சொன்னது இப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது.

"சூப்ரவைசர்! டேய் சூப்ரவைசர்! வாடா! வாடா இங்க!"

முன் இருக்கையில் தூங்கிக்கொண்டு வந்த பகலவன் திடுக்கிட்டு எழுந்து, "யார்யா அது? யார டா போட்டுக் கூப்புட்ற?" என்றான். பஸ்ஸில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாய் அவன் குரலைக் கேட்டது. வாலை ஆட்டியது. வேப்பிலையைப் பார்த்தது. அவனைப் பார்த்தது. வரவில்லை. எதிர்ப் பக்கத்திலிருந்து காலை ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வந்த வேறொரு கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. பஸ் நெருங்கும்வரைக்கும் அந்த வால் ஆடிக்கொண்டிருந்தது. பஸ் நிற்கவில்லை. நின்றால் ஐம்பது பேருக்கு அரை நாள் சம்பளம் போகும்.

நான்காவது குழியையும் லீலாவே தோண்டினாள். பலராமன் மண்வெட்டியை வாங்கப் போனான், அவள் தரவில்லை. மண்ணை மூடி, காலால் மிதித்து, கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"அது ஓடலய்யா" என்றாள். குரலில் அழுகை இல்லை. "முன்ன பஸ்ல போன ரெண்டும் ஓடிப் போயி அடிபட்டுச்சு. இது ஓடல. சொன்ன பேச்சக் கேட்டுக்கினு அங்கயே நின்னுச்சு."

பலராமன் கீழே கிடந்த கயிற்றை எடுத்துச் சுருட்டினான்.

"கொடி நட்டுக் கொடி புடுங்கறதுக்கு எவ்ளோ கேட்டான் அந்த ஆளு?"

"லீலா..."

"எவ்ளோ கேட்டான்?"

"அஞ்சாயிரம்."

"ம்" என்றாள். உள்ளே போய் நான்கு புடவையை ஒரு பையில் திணித்துக்கொண்டு வந்தாள்.

வெங்கடேசன் தன் வாசலிலிருந்து கத்தினான். "அக்கா! காப்புக் கட்டிக்கீது! வல்லக்கோட்ட நம்ம எல்லையில இல்ல. நாளைக்குக் கூழு ஊத்தின பொறவு போக்கா!"

"யாரு வச்ச எல்லைடா?" என்றாள் லீலா, திரும்பாமல். "உங்களுக்குத்தான் கம்பெனி வரைக்கும் தள்ளி வச்சுக்கிட்டீங்களே. எனக்கு வல்லக்கோட்ட வரைக்கும் தள்ளி வைக்கச் சொல்லு உம் பூசாரிய."

வேப்பிலைக் குச்சிகளுக்கு நடுவே கோடு வருகிற இடத்தில் அவள் காலைத் தூக்கவில்லை. மண்ணை அழுத்தி மிதித்துக்கொண்டு நேராக நடந்தாள். ரோட்டோரத்தில் கையைக் காட்டி, வந்த ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

"லீலா, நில்லு! லீலா!" பலராமன் பின்னாலேயே ஓடினான். கோட்டுக்கு வந்ததும் அவன் வலது கால் தானாக உயர்ந்தது. மணிக்கட்டில் காப்புக்குக் கட்டிய மஞ்சள் கயிறு, எதிரே வேப்பிலை. தூக்கிய காலை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் அவன் நின்றான். ஆட்டோ நகர்ந்தது. அவனுக்குப் பின்னால் சுவரில் பெட்டியின் பச்சை விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.